மழைப் படிப்பும் ஒரு தொட்டித் தண்ணீரும்

சாயல்குடிக்குத் தெற்கே கடலைப் பார்த்தபடி கிடக்கிறது என் உப்பளம். அதில் ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று உண்டு. கொட்டகைச் சுவரில், நாள்காட்டிக்குக் கீழே, முழு நீளத் தாள் ஒன்று நாலு வருடமாக ஒட்டியிருக்கிறது. உப்புக் காற்றில் ஓரமெல்லாம் பழுப்பேறிவிட்டது. ஆனால் ஒரு முனை கூடப் பெயரவில்லை. மைதாப் பசை காய்ச்சி நானே ஒட்டியது. நான் செய்கிற வேலை அப்படித்தான் நிற்கும்.

தாளில் இருப்பது என் கடைசி மகளின் கையெழுத்து. வானிலைப் படிப்பில் பட்டம் வாங்க என்னென்ன முடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாள். ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊரில் அவளுக்கு இடம் கிடைத்தபோது, கிளம்புவதற்கு முதல் நாள் நான்தான் உட்கார்த்தி எழுதச் சொன்னேன். "தமிழ்ல எழுது தாயி. நான் வாசிக்கணும்" என்றேன். எதெது எத்தனை என்று முழுசாகத் தெரியாமல் நான் எந்த வேலையிலும் இறங்கியதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'பெருமைக்குச் சொல்லவில்லை' என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பன்னிரண்டு வயதில் இதே கடற்கரையில் அடுத்தவர் அளத்தில் உப்புக்கூடை சுமந்தேன். இன்று நாற்பது ஏக்கர் என்னுடையது. பாத்தியில் நிற்கிற தண்ணீரைத் தூரத்திலிருந்து பார்த்தே, நாளைக்கு வாரலாமா நாளை மறுநாளா என்று சொல்லிவிடுவேன். செய்தித்தாள் வாசிக்க நானாகவே பழகிக்கொண்டேன். இந்தப் பக்கம் என்னிடம் யோசனை கேட்காமல் அளம் போட்டவர்கள் குறைவு. போட்டவர்களில் நிலைத்தவர்கள் அதைவிடக் குறைவு.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், மழையைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்றாள். அதற்கும் நான்தான் காரணம்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சித்திரை மாதம். வாரிக் குவித்த உப்பு அம்பாரமாக வரப்பில் நிற்கிறது. மேற்கே லேசாகக் கறுத்திருந்தது. தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று ஆட்கள் கேட்டார்கள். காற்றின் திசையைப் பார்த்தேன். "கச்சான் அடிக்குது, மழை வராது" என்றேன். மேல்காற்று அடித்தால் இங்கே மழை வராது; நான் கண்டது அப்படி. அன்று மதியம் வந்தது. ஒரு மணி நேரம் பெய்து, பத்து நாள் உப்பைக் கரைத்துக் கடலுக்கே கொண்டுபோனது. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எப்படிய்யா வராதுன்னு சொன்னீக?"

"காத்துத் திசைய வச்சுத்தான்."

"அப்ப ஏன் வந்துச்சு?"

"சில நேரம் வரும்."

"எந்த நேரம் வரும்?"

 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. அந்தச் சொல்லை முதலாளி சொன்னால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. அவளும் விடவில்லை. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டே பன்னிரண்டாவது வரை போய், அதற்கான படிப்பு எங்கே இருக்கிறது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

சொந்தத்தில் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியின் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "ஏன் மாப்ள, மழையே பெய்யாத ஊர்ல பொறந்த புள்ள மழைப் படிப்புப் படிக்கவா? டிவியில 'ஓரிரு இடங்கள்ல பெய்யலாம்'னு சொல்றதுக்கு நாலு வருசமா?"

"நாலு வருசம் படிச்சாத்தான் மச்சான் எந்த ஓரிரு இடம்னு தெரியும்" என்றேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். 

ஆனால் அந்தத் தாளை முதன்முதலில் முழுசாக வாசித்தபோது எனக்கே திகைப்பாகத்தான் இருந்தது. எட்டுப் பருவம். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை புள்ளி என்று உண்டு. எல்லாம் சேர்ந்து நூற்று அறுபது ஆக வேண்டும். வகுப்புக்கு நூற்றில் எழுபத்தைந்து நாளாவது போயிருக்க வேண்டும். முதல் இரண்டு வருடம் மேகம் என்ற பேச்சே இல்லை. கணக்கு, மறுபடி கணக்கு, அதற்கு மேல் ஒரு கணக்கு. பிறகு வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்கிற பாடம். காற்று ஏன் நேராக ஓடாமல் வளைகிறது என்பதற்கு ஒரு பாடம். கணினிக்கு உத்தரவு எழுதுவது, புள்ளிவிவரம், கருவிகளைக் கையாளுகிற ஆய்வுக்கூடம், தினமும் பென்சிலால் வானிலைப் படம் வரைகிற வகுப்பு. மூன்றாம் வருடத்தில்தான் மேகம் தலைகாட்டியது. அப்புறம் ஒரு வானிலை அலுவலகத்தில் ஆறு வாரம் பயிற்சி. கடைசி வரி மட்டும் இரண்டு மடங்கு நீளம்: 'சொந்தமாக எடுத்த தொண்ணூறு நாள் அளவுகளோடு ஓர் ஆய்வறிக்கை, அதன் மேல் வாய்மொழித் தேர்வு.'

ஒவ்வொன்றும் முடிந்ததாக அவள் போனில் சொல்லச் சொல்ல, நான் அதன் எதிரே பென்சிலால் டிக் போடுவேன். எங்கள் அளத்தில் உப்பு வாருகிற பெண்களில் மூத்தவள் ஒருத்தி உண்டு. என்னோடு சேர்ந்து கூடை சுமந்தவள். அதனால் மற்றவர்களைப் போல என்னிடம் பயப்பட மாட்டாள். "நீ டிக் போடுறதப் பாத்தா நீயே பரீச்சை எழுதுன மாதிரில்ல இருக்கு" என்பாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. இரண்டாம் வருடக் கணக்குப் பரீட்சையை மகள் எழுதிவிட்டு வந்த அன்றே டிக் போட்டுவிட்டேன். என் மகள் எழுதினால் தேறாமலா போவாள்? டீக்கடையிலும் சொல்லியாகிவிட்டது. முடிவு வந்தபோது அரியர். போனில் அழுதாள். அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள், அது வேறு. ஆனால் நான் போட்ட டிக்கைப் பிளேடால் சுரண்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, பின்னாலிருக்கும் சுண்ணாம்பு தெரியும்.

கடைசி வருடம் வந்தது. எல்லா வரிக்கும் டிக் விழுந்து, கடைசி வரி மட்டும் பாக்கி. அதற்குள் கல்லூரிக்கே ஆள் வந்து தேர்வு வைத்ததில் அவளுக்கு ஒரு வேலையும் கிடைத்திருந்தது. காற்றாலை நடத்துகிறவர்களிடம், நாளைக்குக் காற்று எவ்வளவு அடிக்கும் என்று கணித்துச் சொல்கிற வேலை. பட்டம் முடித்த சான்றோடு ஆடி மாதம் போய்ச் சேர வேண்டும். ஆசைப்பட்டு வாங்கிய வேலை. வைகாசிக்குள் அளவுகள் முடிய வேண்டும், ஆனியில் வாய்மொழித் தேர்வு, ஆடியில் வேலை என்று விரல் மடக்கி என்னிடம் சொன்னாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது, கடலோரத்தில் வெயில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீரைக் குடிக்கிறது என்பது. "இதுக்கு நம்ம அளத்த விட்டா வேற எடம் ஏதுய்யா?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் நான் வெயிலை வைத்துப் பிழைத்தேன். இப்போது என் மகள் அதே வெயிலை அளந்து பட்டம் வாங்கப் போகிறாள்.

மாசிக் கடைசியில் கல்லூரித் தொட்டியை இரவல் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். நாலு அடி அகலம், முக்கால் அடிக்குச் சற்று மேல் ஆழம், வட்டத் தகரத் தொட்டி. பாத்திகளுக்கு நடுவே மேடான இடத்தில் மரச்சட்டம் போட்டு, மட்டம் பார்த்து வைத்தாள். காக்கை குடிக்காமல் இருக்க மேலே கம்பி வலை. உள்ளே ஒரு பித்தளை முள், முனை மேலே பார்த்தபடி. தினமும் காலையில் தண்ணீர் முள்ளின் முனைக்குக் கீழே இறங்கியிருக்கும். அளவுக் குழாயால் ஊற்றி மறுபடி முனையைத் தொட வைக்க வேண்டும். எவ்வளவு ஊற்றினோமோ அவ்வளவும் வெயில் குடித்தது. வேலை அவ்வளவுதான்.

"எட்டரைக்குப் பாக்கணும்யா. எட்டரைன்னா எட்டரை."

"நான் அஞ்சு மணிக்கே எந்திரிக்கிறவன் தாயி."

"அஞ்சு மணிக்குப் பாத்தா செல்லாது. அப்புறம், நல்ல தண்ணிதான் ஊத்தணும். மாசம் ஒரு தடவ முழுசாக் கவுத்து, கழுவி, புதுசா நெரப்பணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பத்து நாள் கூட இருந்து பழக்கிவிட்டு, அறிக்கை எழுதுகிற வேலைக்காகக் கல்லூரிக்குக் கிளம்பிவிட்டாள். தினமும் எட்டரைக்குப் போன் வரும். எத்தனை மில்லிமீட்டர் என்று நான் சொல்வேன். "ஏழு." "ஏழரை." அவள் எழுதிக்கொள்வாள். பேராசிரியர் கேட்டால் 'அளவெடுப்பவர், என் தந்தை' என்று காட்ட வேண்டுமாம். அதை எங்கள் தெருவில் கேட்காத ஆள் இல்லை.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பூமியைத் தோண்டினால் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் வண்டியில் வரும்; குடம் குடமாக வாங்கி, தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். முகம் கழுவிய தண்ணீரைக் கூட இங்கே சும்மா கொட்ட மாட்டார்கள், முருங்கைக்கு ஊற்றுவார்கள். அளத்துக்கு வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, மதியம் வரை மடக்கு மடக்காகக் குடிப்பார்கள். அந்தப் பெண்களுக்கு நடுவில் நின்று, தினமும் அரைக்குடம் குடிதண்ணீரை வெயிலுக்கு ஊற்றுவது என் வேலையானது.

அவர்கள் உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த மூத்தவள் மட்டும் ஒரு நாள் சொன்னாள்: "ஏப்பா, சூரியனுக்கு ஒரு பாட்டில் குடுத்துட்ட. எங்களுக்கு எப்ப?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து குழாயைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதுகில் அந்தக் கண்கள் இருந்தன.

மாதம் முடிந்தது. தொட்டியைக் கவிழ்க்க வேண்டிய நாள். பதினைந்து குடம் நல்ல தண்ணீர் என் காலடியில் ஓடி உவர் மண்ணில் இறங்குவதைப் பார்த்தேன். மறுபடி நிரப்பலாம் என்றால் தண்ணீர் வண்டி வரவில்லை. எட்டரை ஆகிவிட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் போர்க் குழாய் இருக்கிறது. பாத்திக்கும் கால் கழுவுவதற்கும் அதுதான். வெயிலுக்கு நல்ல தண்ணீரென்ன, கெட்ட தண்ணீரென்ன? அதை நிரப்பச் சொன்னேன். மறுநாள் வண்டி வந்தது. ஆனாலும் போர்த் தண்ணீரையே ஊற்றினேன். அதற்கு மறுநாளும் அதுவே. பெண்கள் திரும்பிப் பார்ப்பது நின்றது. எனக்கு மனசு லேசாக இருந்தது.

மகளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

சித்திரை ஏறியது. வெயில் கொளுத்தியது. ஆனால் வெயில் குடிக்கிற அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. ஏழு, ஆறே முக்கால், ஆறரை, ஆறு. மகள் போனில் தடுமாறினாள்.

"அய்யா, மேகம் போட்டுச்சா?"

"பொட்டு மேகம் இல்ல."

"காத்து?"

"நல்லா அடிக்குது."

"அப்ப ஒம்போது வரணும்யா. என் கணக்குத்தான் எங்கயோ தப்பு."

பத்து நாள் தன் கணக்கையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். சாப்பிடுவதில்லை போல, குரலே சொன்னது. என் மனைவி போனைப் பிடுங்கி, "ஏத்தா, கணக்கு கெடக்குது, மொதல்ல சோத்தத் தின்னு" என்றாள். பிறகு ஒரு நாள் மகளின் குரலே மாறியிருந்தது. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மேலே ஒரு போர்வை மாதிரி நின்று ஆவியாவதைத் தடுக்கிறது போலிருக்கிறது, இதை யாரும் இந்தக் கரையில் அளந்து சொன்னதில்லை என்றாள். பேராசிரியரும் ஆர்வமாகிவிட்டாராம். அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் பேசியதை இப்போது எழுத மாட்டேன். என் மகள் புதுசாக ஒன்று கண்டுபிடித்துவிட்டாள், அதுவும் என் தொட்டியில், என் கையால் என்கிற வகையில் நீளமாகப் பேசினேன். அது போதும்.

நாலைந்து நாள் கழித்து, எட்டு மணி வாக்கில் மூத்தவள் வந்தாள்.

"ஏப்பா, வலையில தூசி கெடந்துச்சேன்னு தொட்டியத் தொடச்சேன். கையெல்லாம் பிசுபிசுங்குது. பாத்தித் தண்ணி மாதிரி இருக்கு."

போய் விரலை விட்டேன். நாக்கில் வைத்தேன். என் மேல்சட்டைப் பையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் குழல் இருக்கும். தண்ணீரில் மிதக்க விட்டால் உப்பு எத்தனை டிகிரி என்று காட்டும். அதைப் பார்த்துத்தான் எங்கள் பிழைப்பே. இருபத்து நாலைத் தாண்டினால் உப்பு விழும். அந்தக் குழலைத் தொட்டியில் விட்டேன். பதினேழில் நின்றது.

போர்த் தண்ணீர் ஒன்பது டிகிரி. தண்ணீர் போகும், உப்பு போகாது. தினமும் ஊற்ற ஊற்ற உப்பு ஏறுகிறது. உப்பு ஏற ஏறத் தண்ணீர் வற்றுவது மந்தமாகும். இந்தக் கரையில் இதைத் தெரியாத குழந்தை இல்லை. 'டிகிரி கூடினா வெயிலுக்கே பல் கூசும், அவசரப்படாதீக' என்று புதிதாக வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். நாற்பது ஏக்கரிலும் தெரிந்தது அந்த நாலு அடித் தொட்டியில் எனக்குத் தெரியவில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளை படிந்திருந்ததைத் தினமும் பார்த்தேன். அளத்தில் வெள்ளை படியாத பொருள் எது?

போன் அடித்தது. "அய்யா, எத்தன?"

"அஞ்சே முக்கால்" என்றேன். வைத்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று பகல் முழுவதும் சொல்லாமல் விட்டுவிடுவது எப்படி என்றுதான் யோசித்தேன். இன்னும் மூன்று நாளில் தொட்டியைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்து நல்ல தண்ணீர் ஊற்றினால் அளவு தானாக ஏறிவிடும். அவளும் காற்று மாறியது என்று ஏதாவது எழுதிக்கொள்வாள். ஆனியில் தேர்வு, ஆடியில் வேலை. யாருக்கும் தெரியாது. மூத்தவளுக்குத் தெரியும், அவள் கேட்க மாட்டாள்.

மதியம் மறுபடி மகள் போன் செய்தாள். அந்த நேரத்தில் செய்கிற பழக்கமில்லை. பெரிய ஆட்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் அவளை நின்று பேசச் சொல்லியிருக்கிறாராம் பேராசிரியர். "எல்லாம் ஒங்க தொட்டியாலதான்யா" என்றாள். சின்ன வயதில் மடியில் ஏறி உட்காரும்போது பேசுகிற குரல்.

வரப்பில் போய் உட்கார்ந்தேன். எதிரே, முன்பு மழையில் கரைந்துபோன அம்பாரம் நின்ற இடம். அன்று என் சொல்லை நம்பித்தான் தார்ப்பாயை மடித்து வைத்தார்கள். நாளைக்கு எவனோ ஒருவன் இவள் எழுதியதை நம்பி, இங்கே வெயில் குறைச்சல் என்று அளம் போடாமல் போகலாம். அல்லது வேறெங்கோ போட்டுக் கெடலாம். அவன் வந்து கேட்கும்போது இவள் 'சில நேரம் அப்படி' என்று சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும், என்னைப் போல.

மறுநாள் எட்டரை.

"இன்னைக்கு எத்தனய்யா?"

"அளவு கெடக்கட்டும் தாயி. தொட்டித் தண்ணி பதினேழு டிகிரி."

"சூடா? இந்த வெயில்ல பதினேழா?"

"சூடு இல்ல. உப்பு."



"நல்ல தண்ணி ஊத்தச் சொன்னேனேய்யா."

"சொன்ன."

"பெறகு?"

"வெயிலுக்கு ஊத்த மனசு வரல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்டது ஒன்றுதான். "என்னைக்கு இருந்து?"

யோசித்தேன். தொட்டி கவிழ்த்தது மாதக் கடைசியா, இரண்டு நாள் முன்னா பின்னா, எனக்கு நிச்சயமில்லை. நான் எதையும் எழுதி வைக்கிறவன் இல்லை; எல்லாம் தலையில் இருக்கும் என்று சொல்லித் திரிந்தவன்.

"தெரியல தாயி" என்றேன்.

"தேதி தெரியலைன்னா மொத மாசமும் சேந்து போயிரும்யா. தேதி தெரிஞ்சா அந்த முப்பது நாளாச்சும் நிக்கும். எப்படியாச்சும் கண்டுபிடிங்க." போனை வைத்துவிட்டாள். அழுதது எனக்குக் கேட்கக் கூடாது என்று.

மூத்தவளைக் கூப்பிட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"மாரியம்மனுக்குக் காப்புக் கட்டின மறுநா. தண்ணி வண்டி கோயிலுக்குப் போயிருச்சுன்னு நீதான அங்கன நின்னு ஏசுன. சாமிக்குப் போன வண்டிய ஏசுறானேன்னு நாங்க பேசிக்கிட்டோம்ல."

கொட்டகையில் திருவிழா நோட்டீஸ் ஆணியில் தொங்கியது. காப்புக் கட்டும் நாள் அச்சில் இருந்தது. அதற்கு மறுநாள் முதல் எண்ணினால் இருபத்தேழு நாள் கெட்டிருந்தது. மூத்தவள் திரும்பிப் போகும்போது சொன்னாள்: "அப்ப சூரியன் குடிச்ச தண்ணிக்கும் கணக்கு கேக்குறாகளா? பாவம்ப்பா அந்தப் புள்ள."

பேராசிரியர் ரொம்பக் கோபப்படவில்லையாம். கெட்ட நாட்களைத் தள்ளிவிட வேண்டும், அத்தனை நாள் மறுபடி அளக்க வேண்டும், தள்ளிய ஒவ்வொரு நாளின் தாளிலும் காரணத்தை அளவெடுத்தவரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாராம். முப்பது நாள் கையில் இருக்கிறது; அறுபது நாள் பாக்கி. ஆனித் தேர்வு போயிற்று. அடுத்தது கார்த்திகையில். காற்றாலைக்காரர்களிடம் அவள் கேட்டுப் பார்த்தாள். ஆடியில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனதை அவள் தன் அம்மாவிடம்தான் சொன்னாள், என்னிடம் சொல்லவில்லை.

இருபத்தேழு தாள் தபாலில் வந்தது. கொட்டகையில் உட்கார்ந்து முதல் தாளில் எழுதினேன்: 'தண்ணீர் வண்டி வராததால் போர்த் தண்ணீர் ஊற்றப்பட்டது.' மளமளவென்று மூன்று தாள் முடித்துவிட்டு, படம் பிடித்து அனுப்பினேன். உடனே போன்.

"அய்யா, மொத நாளுக்கு இது சரி. மத்த நாளெல்லாம் வண்டி வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்ப அந்தக் காரணம் அந்த நாளுக்கு மட்டும்தான்யா செல்லும்."

வாக்குவாதம் பண்ண ஒன்றும் இல்லை. இரண்டு தாளை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'குடிதண்ணீரை வெயிலில் ஊற்ற மனம் வரவில்லை. ஆட்கள் பார்த்தார்கள். அதனால் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். மகளிடம் சொல்லவில்லை.' கீழே என் கையெழுத்து. இப்படி இருபத்தாறு தாள். அஞ்சாம் வகுப்புக்குப் பிறகு நான் அத்தனை எழுதியதில்லை. ஒன்றரை நாள் ஆனது. முதல் பத்துத் தாளில் எழுத்து கோணல். இருபதுக்கு மேல் நேராகிவிட்டது. மூத்தவள் வாசலில் நின்று, "என்னப்பா, வாத்தியார் இம்போசிசன் குடுத்துட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இரண்டாவது முறை தொடங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். கொட்டகை நிழலில் ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றை வைத்து, குடிதண்ணீர் நிரப்பி, குழாய் போட்டுவிட்டேன். முப்பது வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்று மூத்தவள் சொன்னாள். சொல்லிவிட்டு முதல் பாட்டிலை அவள்தான் பிடித்தாள். தினமும் காலையில் பெண்கள் பிடித்து முடித்த பிறகு, அதே குழாயில் அரைக்குடம் பிடித்துக்கொண்டு தகரத் தொட்டிக்கு நடப்பேன். எட்டரை. ஊற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைப்பேன். பிறகு குழலையும் மிதக்கவிட்டுப் பார்ப்பேன். போனில் இரண்டையும் சொல்வேன். "அளவு ஒம்போது. உப்பு சைபர்." அளவு அவள் கணக்குப்படியே வந்தது. ஈரப் போர்வை ஒன்றும் கிடையாது. என் கரை வெயில் ஒரு சொட்டுக் குறைவில்லாத வெயில். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்த அறுபது நாளில் இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். முன்பு போலென்றால் ஏழோ எட்டோ ஒன்றைச் சொல்லியிருப்பேன். பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும். "இன்னைக்குப் பாக்கல தாயி" என்றேன். "சரிய்யா, காலியா விட்டுருவோம். ரெண்டு நாள் கூட எடுத்துக்கிருவோம்" என்றாள்.

கார்த்திகையில் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே போய், பின்னிணைப்பில் என் இருபத்தேழு தாளில் நின்றுவிட்டாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. இவள் ஒவ்வொரு வரியாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஒங்க அப்பா என்ன தொழில் பண்றாருன்னு கேட்டாருய்யா."

"என்ன சொன்ன?"

"உப்பளம் வச்சிருக்காருன்னேன். சேர்ல இருந்து விழப் பாத்தாரு."

அவள் சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு என்னோடு பேசும்போது அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. எனக்குச் சிரிப்பு வர இரண்டு நாள் ஆனது.

போன வாரம் முடிவு வந்தது. தேறிவிட்டாள். நூற்று அறுபது புள்ளியும் முழுசாக இருக்கிறது. வேறு இரண்டு இடத்துக்கு வேலை கேட்டு எழுதியிருக்கிறாள். இன்னும் பதில் இல்லை. ஆடியில் போன வேலையைப் பற்றி இன்றுவரை எங்களுக்குள் பேச்சில்லை.

மழைக்காலம். பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர் நிற்கிறது. அளத்தில் வேலை கிடையாது. கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதக் கை பழகிவிட்டது. எதிரே தாளில் கடைசி வரி அப்படியே இருக்கிறது. முடிவு வந்த அன்று மனைவி கேட்டாள், "ஏங்க, இன்னும் டிக் போடலையா?" என்று. மகளே வந்து போடட்டும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறாள். பென்சிலைச் சீவி நாள்காட்டி ஆணிக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருக்கிறேன்.